பந்தியில் விடுபடுவோர் யார்? நாட்டின் பட்ஜெட்டும் நமது கடமையும்

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முணுமுணுப்பு ஒன்றைத் திருத்தூதர் பணிகள் நூல் ஒளிக்காமல் சொல்கிறது. அது மறையுண்மை பற்றியது அல்ல. வழிபாட்டு முறை பற்றியதும் அல்ல. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டார்கள் (திப 6:1-6).

திருத்தூதர்கள் அந்த முறையீட்டை அடக்கிவிடவில்லை. சீடர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினார்கள். காரியத்தை வெளிப்படையாகப் பேசினார்கள். பந்தியைக் கவனிக்க நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான் முதலான அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். யாருடைய கைம்பெண்கள் விடுபட்டார்களோ, அவர்கள் தரப்பினரையே நம்பிப் பகிர்வுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது.

ஒரு குடும்பமானாலும், ஒரு பங்கானாலும், ஒரு நாடானாலும் பகிர்வு என்று வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விடுபட்டவர் யார்? அவருக்காகப் பேசுகிறவர் யார்?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் நாள் காலை 11 மணிக்கு நாம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்கிறோம். நிதி அமைச்சர் பட்ஜெட் உரை வாசிக்கிறார். எது விலை ஏறும், எது விலை குறையும், வருமான வரி எவ்வளவு என்று பார்க்கிறோம். மதிய உணவு வேளைக்குள் பெட்டியை அணைத்துவிடுகிறோம். நம்மில் பலருக்குப் பட்ஜெட் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் உண்மையான பகிர்வு அந்த ஒரு நாளில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய ஐந்தாறு மாதங்களிலும், பிந்தைய இரண்டு மாதங்களிலும் நடக்கிறது. அந்த நாள்களில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதே இன்றைய சிந்தனை.

கருவூலச் சாவி யாரிடம்?

'பட்ஜெட்' என்ற சொல் நமது அரசியலமைப்புச் சட்டத்தில் கிடையாது. 112ஆம் பிரிவு அதனை 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்று அழைக்கிறது. வருகிற ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை அரசுக்கு எவ்வளவு வரும், எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடே அது.

இதன் அடியில் இரண்டு பெரிய கொள்கைகள் உள்ளன. முதலாவது, சட்டத்தின் அதிகாரமின்றி யாரிடமும் வரி வாங்கக் கூடாது (பிரிவு 265). இரண்டாவது, அரசின் வருவாய் எல்லாம் சேரும் 'இந்தியத் தொகுப்பு நிதி'யிலிருந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதிக்காமல் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது (பிரிவுகள் 114, 266). அதாவது, பணத்தைக் கேட்பது அரசு; கொடுப்பது மக்களின் பிரதிநிதிகள். கருவூலத்தின் சாவி அமைச்சரிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. நாம் அதை நம் உறுப்பினரின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று சமர்ப்பித்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதங்களுக்கான அந்தப் பட்ஜெட்டில் வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். 2025-26ஆம் ஆண்டுப் பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இலக்கங்கள் எத்தனை கூடினாலும் கேள்வி பழையதுதான்: யாரிடமிருந்து, யாருக்கு?

ஒரு ரூபாயின் கதை

கோடிகளில் சொன்னால் நமக்கு மலைப்பாக இருக்கும். ஆகவே ஒரு ரூபாயாகப் பார்ப்போம். 2025-26 பட்ஜெட்டின்படி அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். வருமான வரி 22 காசு. ஜி.எஸ்.டி. 18 காசு. நிறுவனங்களின் வரி 17 காசு. மீதி கலால் வரி, சுங்க வரி, வரியல்லாத வருவாய் முதலியவை.

இந்த 18 காசைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வருமான வரி கட்டாத ஏழைத் தாயும் பற்பசை வாங்கும்போது, செருப்பு வாங்கும்போது, அலைபேசிக்குப் பணம் போடும்போது வரி கட்டுகிறார். "அரசாங்கம் ஏழைகளுக்குச் சும்மா கொடுக்கிறது" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். ஏழைகள் கொடுக்காத கருவூலம் எதுவும் இல்லை. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் அந்த ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசுகளை நம் ஆண்டவர் ஒருவரே கவனித்தார் (லூக் 21:1-4). மற்றவர் கண்ணுக்கு அவை தெரியவில்லை.

செலவுப் பக்கம் பார்த்தால், ஒரு ரூபாயில் 22 காசு வரிப் பங்காக மாநிலங்களுக்குப் போகிறது. 20 காசு பழைய கடனுக்கு வட்டி. 8 காசு பாதுகாப்புத் துறைக்கு. உணவு, உரம் போன்ற முக்கிய மானியங்களுக்கு 6 காசு. ஓய்வூதியத்திற்கு 4 காசு. மீதியில்தான் மற்றத் திட்டங்கள் எல்லாம் நடக்க வேண்டும். கடன் வட்டி போன்ற சில செலவுகள் 'தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்டவை'. அவற்றை நாடாளுமன்றம் விவாதிக்கலாம். ஆனால் வாக்களித்துக் குறைக்க முடியாது. ஆகவே, பேசி மாற்றக்கூடிய பகுதி நாம் நினைப்பதைவிடச் சிறியது. அந்தச் சிறிய பகுதிக்குத்தான் போட்டி.

மூடிய அறைகளில் நடக்கும் பேரம்

பட்ஜெட் வேலை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நிதி அமைச்சகம் எல்லா அமைச்சகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறது. இந்த ஆண்டு எவ்வளவு செலவழித்தீர்கள், அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒவ்வோர் அமைச்சகத்தின் அதிகாரிகளும் செலவினத் துறைச் செயலருடன் அமர்ந்து பேசுகிறார்கள். கேட்பது பத்து என்றால் கிடைப்பது ஆறோ ஏழோ. நம் வீடுகளில் பள்ளிக் கட்டணமா, கூரை மாற்றுவதா, மருந்துச் செலவா என்று பேசுவதைப் போன்றதுதான் இதுவும்.

இந்தப் பேச்சில் ஒரு விதி இருக்கிறது. கொடுத்த பணத்தைச் செலவழிக்காத துறைக்கு அடுத்த ஆண்டு குறைத்துத்தான் கொடுப்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் பணம் ஏன் செலவாகவில்லை? தேவை இல்லாததாலா, தேவைப்பட்டவர்களுக்கு அது போய்ச் சேராததாலா? உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்குப் பணம் வராவிட்டால், அரசின் கணக்கில் அது 'செலவாகாத தொகை'. அந்தப் பிள்ளை ஏமாந்தது ஒருமுறை. அதையே காரணமாகக் காட்டி அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறைக்கப்பட்டால், அவள் தம்பி ஏமாறுவது இன்னொரு முறை.

இதற்கிடையில் நிதி அமைச்சர் தொழிலதிபர்கள், விவசாயச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், பொருளியல் அறிஞர்கள், சமூகத் துறையினர், மாநில நிதி அமைச்சர்கள் ஆகியோரை அழைத்துக் கருத்துக் கேட்கிறார். நல்ல வழக்கம்தான். ஆயினும் அமைப்பாகத் திரண்டவர்களுக்கே அந்த மேசையில் நாற்காலி கிடைக்கும். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவருக்கும், மலையில் தேன் எடுக்கிறவருக்கும், வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் அந்த மேசை வெகு தூரம்.

மாநிலங்களுடன் நடக்கும் பேரம் வேறு வகை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு, மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு 15ஆம் நிதிக்குழு பகிரத்தக்க வரியில் 41 விழுக்காடு என்று வகுத்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு.

நாடாளுமன்றத்தின் படிகள்

பிப்ரவரி முதல் நாள் உரைக்குப் பிறகு என்ன நடக்கிறது? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் இரு அவைகளிலும் பொது விவாதம். அந்தக் கட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை. அதன்பின் அவைகள் சில வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. அந்த இடைவெளியில் துறைவாரி நிலைக்குழுக்கள் வேலை செய்கின்றன. 1993இல் 17 குழுக்களாகத் தொடங்கிய இம்முறை 2004இல் 24 குழுக்களாக விரிந்தது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். அமைச்சகச் செயலர்களை அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். சென்ற ஆண்டு கொடுத்த பணம் ஏன் செலவாகவில்லை என்று இங்கேதான் கேட்க முடியும். கேமரா இல்லாததால் கட்சி வேறுபாடு இன்றி அமைதியாகப் பேசும் இடமும் இதுதான். ஆனால் இக்குழுக்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

அடுத்து மக்களவையில் 'மானியக் கோரிக்கைகள்'. ஏறக்குறைய 100 கோரிக்கைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு துறைக்குரிய செலவு. இவற்றின் மீது வாக்களிக்கும் உரிமை மக்களவைக்கு மட்டுமே. அரசின் கொள்கையே தவறு என்று கருதும் உறுப்பினர், அந்தத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொண்டு வரலாம். ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்ட விரும்பினால் 100 ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்லலாம். அடையாளமாக 100 ரூபாய்தான். ஆனால் அப்படியொரு தீர்மானம் வென்றுவிட்டால் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாகவே கருதப்படும்.

கோரிக்கைகள் நிறைவேறிய பின் 'நிதி ஒதுக்கீட்டு மசோதா'. பணத்தை எடுக்க அனுமதி தரும் சட்டம் இது. அதன்பின் 'நிதி மசோதா'. வரி வாங்க அனுமதி தரும் சட்டம் இது. இரண்டும் மாநிலங்களவைக்குச் செல்லும். பண மசோதா என்பதால் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்யலாம். 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்ததும் பட்ஜெட் சட்டமாகிறது.

முன்பு பிப்ரவரி கடைசி நாளில் உரை. மே மாதத்தில்தான் எல்லாம் நிறைவேறும். இடையில் இரண்டு மாதச் செலவுக்கு 'முன்பண அனுமதி' வாங்கிக்கொள்வார்கள். திட்டப் பணம் ஊருக்கு வந்து சேருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். 2017 முதல் தேதி பிப்ரவரி 1க்கு மாற்றப்பட்டது. தனியாக இருந்த இரயில்வே பட்ஜெட்டும் அவ்வாண்டு இணைக்கப்பட்டது. தேர்தல் ஆண்டுகளில் மட்டும் இடைக்காலப் பட்ஜெட் வரும். 2024இல் பிப்ரவரி 1 அன்று இடைக்காலப் பட்ஜெட்டும், புதிய அரசு அமைந்தபின் ஜூலை 23 அன்று முழுப் பட்ஜெட்டும் வந்தன.

கில்லட்டின்

இத்தனை படிகள் இருந்தும், நூறு கோரிக்கைகளையும் விவாதிக்க நேரம் போதாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் சில அமைச்சகங்களை மட்டும் தேர்ந்து விவாதிப்பார்கள். குறித்த நாள், குறித்த மணி வந்ததும் மீதி எல்லாக் கோரிக்கைகளையும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார். இதற்குப் பெயர் 'கில்லட்டின்'. தலையைத் துண்டிக்கும் பிரெஞ்சுக் கருவியின் பெயர் அது. இங்கே துண்டிக்கப்படுவது விவாதம்.

சில ஆண்டுகளில் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. 2013இல் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில் அப்படி நடந்தது. 2018இலும் 2023இலும் பாரதிய ஜனதா கட்சித் தலைமையிலான ஆட்சியில் அப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் அவையில் அமளி. ஆளும் தரப்பு எதிர்த்தரப்பைக் குறை சொன்னது. எதிர்த்தரப்பு ஆளும் தரப்பைக் குறை சொன்னது. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு அமைச்சகவாரியான விவாதம் ஏதுமின்றி மக்களவை ஒப்புதல் தந்தது.

அந்த 2023ஆம் ஆண்டை நாம் மறக்கக் கூடாது. காரணம் இதுதான். 2022-23இல் சிறுபான்மையினர் நல அமைச்சகத்திற்கு 5,020 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டின் நடுவே அது திருத்திய மதிப்பீட்டில் 2,612 கோடியானது. அடுத்த ஆண்டு, 2023-24க்கு, ஒதுக்கீடு 3,097 கோடி. முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டைவிட ஏறக்குறைய 38 விழுக்காடு குறைவு. பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை 1,425 கோடியிலிருந்து 433 கோடியாகக் குறைந்தது. எட்டாம் வகுப்பு வரை கட்டாய இலவசக் கல்விச் சட்டம் இருக்கிறது என்ற காரணம் சொல்லி, 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இவ்வுதவி 2022-23 முதல் நிறுத்தப்பட்டிருந்தது. மேல்நிலை, கல்லூரி மாணவருக்கான உதவித்தொகை அதே பட்ஜெட்டில் 515 கோடியிலிருந்து 1,065 கோடியாக உயர்த்தப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அரசின் காரணம் சரியா, தவறா? இரு பக்கமும் பேசலாம். கட்டணம் இல்லாவிட்டாலும் நோட்டு, சீருடை, பேருந்துச் செலவு உண்டு அல்லவா என்று ஓர் உறுப்பினர் கேட்டிருக்கலாம். அமைச்சர் பதில் சொல்லியிருக்கலாம். மானியக் கோரிக்கை விவாதம் என்பது அதற்காகத்தானே! அந்த ஆண்டு மக்களவையில் அந்தக் கேள்வியும் பதிலும் நடக்கவே இல்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு அந்த உதவி ஆண்டுக்கு 1,000 ரூபாய். அந்த ஆயிரத்திற்காக வருமானச் சான்றிதழ் வாங்கவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் கூலி வேலையை விட்டு அலைந்த தாய்மாரை நம் பங்குப் பள்ளிகள் அறியும். டெல்லியில் அது சிறு தொகை. அந்த வீட்டில் அது சிறு தொகை அல்ல.

பேசினால் மாறும்

அப்படியானால் எல்லாம் முடிந்த காரியமா? இல்லை. பட்ஜெட் கல்லில் எழுதிய எழுத்து அல்ல என்பதற்கு அண்மை வரலாற்றிலேயே சான்று உண்டு.

2012 மார்ச் மாதம் இரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி பயணக் கட்டணத்தை எல்லா வகுப்புகளிலும் உயர்த்தினார். சாதாரண வகுப்பில் கிலோமீட்டருக்கு 2 காசு. அவருடைய சொந்தக் கட்சித் தலைவர் மம்தா பானர்ஜியே அதை எதிர்த்தார். கூட்டணி அரசுக்கு அந்தக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. சில நாள்களுக்குள் அமைச்சர் பதவி விலகினார். புதிய அமைச்சர் உயர் குளிர்சாதன வகுப்புகள் நீங்கலாக மற்ற வகுப்புகளின் உயர்வைத் திரும்பப் பெற்றார். இரயில்வேயின் நிதிநிலைக்கு அது நல்லதா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. ஆனால் ஆதரவு தரும் கட்சி வற்புறுத்தினால், வாசித்த பட்ஜெட்டும் மாறும் என்பது தெரிந்தது.

2016இல் இன்னொன்று. அவ்வாண்டு ஏப்ரலுக்குப் பின் வருங்கால வைப்பு நிதியில் சேரும் தொகையை எடுக்கும்போது அதில் 60 விழுக்காட்டுக்கு வரி விதிக்கப் பட்ஜெட் முன்மொழிந்தது. ஊழியர்களும் தொழிற்சங்கங்களும் நாடெங்கும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பிப்ரவரி 29 அன்று வாசித்த அந்த முன்மொழிவை மார்ச் 8 அன்றே நிதி அமைச்சர் அருண் ஜெட்லி கைவிட்டார். மாதச் சம்பளக்காரர்கள் ஒன்றாகக் குரல் எழுப்பியதால் ஒன்பதே நாளில் மாற்றம் வந்தது. உதவித்தொகை இழந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சங்கமாக இருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

பந்திக்கு வெளியே நிற்போர்

பட்ஜெட்டில் பெயரே இல்லாமல் விடுபடுவோரும் உண்டு. பட்டியல் இன மாணவரின் உயர்கல்வி உதவிக்காக 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி. மிகவும் தேவையான, வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி காரணமாக, அதே தெருவில், அதே சாதிக் கொடுமையை அனுபவிக்கும் தலித் கிறிஸ்தவப் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஆணை 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்காகவும் இஸ்லாமியருக்காகவும் திருத்தப்படவில்லை. 2022இல் மத்திய அரசு இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. தமிழ்நாட்டில் மாநில அரசு கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்க்கும் உதவித்தொகை வழங்கி வருவது ஓர் ஆறுதல்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10ஐ நாம் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். அது தேவையானது. ஆனால் அதே வேளையில் நம்மை நாமே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நம்மிடையே இல்லையா? நம் பள்ளி, கல்லூரிகளின் இடங்களிலும் வேலைகளிலும் தலித் கிறிஸ்தவருக்கு உரிய பங்கு கிடைக்கிறதா? டெல்லியின் பந்தியைப் பற்றிப் பேசும் தகுதி, நம் பந்தியைச் சரிசெய்யும்போதுதான் நமக்கு வரும்.

நாம் செய்யக்கூடியவை

வரி செலுத்துவது ஒழுக்கக் கடமை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2240). பொதுப் பணம் பொதுநலனுக்கும் தோழமைக்கும் பயன்பட வேண்டும் என்று 2004இல் வெளிவந்த திருச்சபையின் சமூகப் போதனைத் தொகுப்பு விளக்குகிறது. கொடுப்பது கடமையானால், கொடுத்தது எங்கே போகிறது என்று கேட்பதும் கடமைதான். சில எளிய வழிகள்:

ஒன்று, காலம் அறிந்து பேசுவோம். பிப்ரவரி 1 அன்று புலம்புவதில் பயன் குறைவு. பேரம் நடப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அண்மை ஆண்டுகளில் நிதி அமைச்சகம் பொதுமக்களிடமும் ஆலோசனை கேட்டு அறிவிப்பு வெளியிட்டு வருகிறது. நம் மறைமாவட்டச் சமூகப் பணி மையங்களும், மகளிர் குழுக்களும், மீனவர் அமைப்புகளும் அந்த நேரத்தில் எழுதலாம்.

இரண்டு, ஒரே ஒரு வரியைப் பின்தொடர்வோம். பட்ஜெட் ஆவணங்கள் நிதி அமைச்சகத்தின் இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க யாராலும் முடியாது. ஓர் அன்பியம் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும்: சத்துணவு, முதியோர் ஓய்வூதியம், மாணவர் உதவித்தொகை, ஏதாவது ஒன்று. சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, திருத்தியது எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று மூன்று எண்களை எழுதி வைத்தாலே பாதி உண்மை விளங்கிவிடும். நம் ஊரில் அது எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது மீதிப் பாதி.

மூன்று, நம் உறுப்பினரைத் தேடுவோம். பிப்ரவரி இடைவேளையில் உறுப்பினர்கள் தொகுதிக்கு வருவார்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், "இந்தக் கோரிக்கையின் மீது பேசுவீர்களா?" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். மார்ச் முடிந்ததும் "பேசினீர்களா?" என்று கேட்போம். அமளிக்குக் கை தட்டாமல், கேள்விக்குக் கை தட்டப் பழகுவோம்.

நான்கு, செலவான பின்னும் கேட்போம். நாட்டின் கணக்கைத் தலைமைத் தணிக்கையாளர் சரிபார்க்கிறார். அவரது அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே அதன் தலைவராக இருப்பது மரபு. கேள்வி கேட்பவர் பகைவர் அல்லர் என்பதை நம் சனநாயகம் ஏற்றுக்கொண்ட அழகான மரபு இது. நம் பங்குப் பேரவையிலும் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது கேள்வி கேட்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

அன்பார்ந்த இறைமக்களே, எருசலேமில் அந்த முறையீடு கேட்கப்பட்டு, பகிர்வு சரிசெய்யப்பட்ட பிறகு இறைவார்த்தை பரவியது என்றும் சீடரின் எண்ணிக்கை பெருகியது என்றும் புனித லூக்கா எழுதுகிறார் (திப 6:7). பந்தி ஒழுங்கானபோது நற்செய்திப் பணியும் தழைத்தது. நாட்டின் பந்தியும் ஒழுங்காக வேண்டும் என்றால், விடுபட்டவர் சார்பில் யாராவது முறையிட வேண்டும். அடுத்த பிப்ரவரி வரும்வரை காத்திராமல், இந்த வார அன்பியக் கூட்டத்திலேயே தொடங்கலாம்: நம் தெருவில் விடுபட்டவர் யார்?

செபிப்போம்: ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளைக் கண்ட ஆண்டவரே, பொதுப் பணத்தைக் கையாளுவோர் அனைவருக்கும் நேரிய உள்ளமும், அதைக் கண்காணிக்கும் உறுப்பினர்களுக்குப் பொறுமையும் துணிவும் தாரும். பேச முடியாதவருக்காகப் பேசும் அருளை எங்களுக்குத் தாரும். ஆமென்.